நின்றால் கொதிக்கும் அம்பாசடருக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டுமா?

"நெடுஞ்சாலையில் தொல்லை இல்லை. காட்பாடி நெரிசலில் நின்றால் என் பழைய அம்பாசடர் கொதிக்கிறது. பெரிய ரேடியேட்டர் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டுப் போடாதீர்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றதும் சூடேறுகிறது என்றால் குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான். வேகமாகப் போகும்போதும் சூடேறினால் குழாய் அடைப்பு, வாட்டர் பம்ப், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) ஆகியவற்றைப் பாருங்கள்.

அப்பா விட்டுச்சென்ற 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரை வேலூரில் ஓட்டுகிறேன். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டாமல் ஆவி கக்கி நின்றது. எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றியும் பயனில்லை, திரும்பப் பொருத்திவிட்டேன்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்புறம் செய்தித்தாள் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டியது, மூலைகளில் நழுவி விழுந்தது. பெல்ட்டில் சுற்றும் விசிறி, வண்டி நிற்கும்போது மெதுவாகத்தான் சுற்றும். அந்தக் குறைந்த இழுப்பும் தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தோடு முடிந்துவிடுகிறது. போதாததற்கு, எஞ்சின் அறையின் வெந்த காற்று பக்கவாட்டு இடுக்குகள் வழியே முன்னால் வந்து மறுபடி உள்ளே போகிறது.

தகர வேலை செய்பவரிடம் ஷ்ரவுட் எனப்படும் விசிறிக் கூண்டு செய்து வாங்கினேன். ரேடியேட்டரின் முழுப் பரப்பையும் அது மூட வேண்டும். விசிறி இலைகளின் பாதி அகலம் வட்டத் திறப்புக்குள் இருக்க வேண்டும். இலை நுனிக்கும் விளிம்புக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. எஞ்சின் குலுங்கும் என்பதால் மிகவும் நெருக்கிவிடவும் கூடாது. பக்க இடுக்குகளை ஆம்பூரில் வாங்கிய ரப்பர் ஷீட்டால் அடைத்தேன். முன்னால் தொங்கிய கூடுதல் ஹாரன்களை அகற்றினேன். ரேடியேட்டர் இதழ்களில் அடைந்திருந்த பூச்சியையும் தூசியையும் எஞ்சின் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியேற்றினேன். போன கத்திரி வெயிலில் நான்கு பேருடன் நிற்காமல் ஏலகிரி ஏறினோம்.

ரேடியேட்டர் மூடியையும் சோதியுங்கள். மூடி தாங்கும் ஒவ்வொரு பவுண்டு (psi) அழுத்தத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 1.5 டிகிரி செல்சியஸ் உயரும். தளர்ந்த மூடி அதைப் பறித்துவிடும். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. நம் ஊர்ப் போர்வெல் உப்புத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி போதும்.

ரேடியேட்டருக்கு மின்விசிறி வைக்க எண்ணினால், முதலில் உங்கள் வண்டியில் மின்சாரம் தருவது பழைய வகை டைனமோவா, பிந்தைய வகை ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள். நிற்கும் வண்டியில் டைனமோ தரும் மின்சாரம் மிகக் குறைவு. விசிறி பேட்டரியைத் தின்றுவிடும்.