முற்றத்தில் இருந்து சூரியச் சுடர்வெடிப்பைப் படம் பிடிக்க: யாழ்ப்பாணத்துக் கேள்விகள், பதில்கள்

சூரியனில் திடீரென்று பளிச்சிட்டு எழும் சுடர்வெடிப்புகளை வீட்டுத் தொலைநோக்கியால் படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். கண் பாதுகாப்புக் கேள்வி முதலில் இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு கீழே போகவேண்டாம்.

சுன்னாகம்: அண்ணை, 2019 மார்கழிக் கங்கண கிரகணத்துக்கு வாங்கின கண்ணாடி வீட்டில கிடக்கு. அதை வெட்டி, கண் வைக்கிற பக்கத்தில ஒட்டினால் காணாதோ?

காணாது தம்பி, கண்தான் போகும். முன் வில்லை சேர்த்த வெயில் முழுவதும் கண்வில்லைப் பக்கம் ஒரு சின்னப் புள்ளியில் குவிகிறது. அந்தத் தாள் வெறும் கண்ணுக்குச் செய்தது, குவிந்த வெப்பத்தில் நொடிகளில் ஓட்டை விழும். பழைய தொலைநோக்கிகளோடு வந்த, கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடியும் அப்படித்தான்: சூடேறி வெடிக்கும். அதை எறிந்துவிடுங்கள்.

சூரியத் தாள் என்றால் குழாயின் முன்பக்கம் முழுவதையும் மூடவேண்டும். போடுமுன் பிரகாசமான பல்புக்கு நேரே பிடித்து ஊசித்துளை, கீறல் பாருங்கள். மூன்று இடத்தில் ரேப் ஒட்டுங்கள், சோளகக் காற்று தூக்கிக்கொண்டு போகாது. பக்கத்தில் உள்ள சின்ன இலக்குக் குழாயைக் கழற்றி வையுங்கள். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

கோண்டாவில்: என்னட்ட 6 அங்குல நியூட்டன் தொலைநோக்கியும் 5.0 அடர்த்திச் சூரியத் தாளும் இருக்கு. கரும்புள்ளி வடிவாத் தெரியுது. சுடர்வெடிப்பு ஒருக்காலும் தெரியேல்லை. ஏன்?

அந்தத் தாள் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் ஒரு இலட்சத்தில் ஒரு பங்காக்குகிறது. ஒளிமண்டலத்தின், அதாவது நாங்கள் காணும் சூரிய மேற்பரப்பின், வெளிச்சம் அப்போதும் மேலோங்கி நிற்கும். சுடர்வெடிப்பின் பிரகாசம் அதற்கு மேலே உள்ள நிறமண்டலம் என்ற மெல்லிய படையில், பெரும்பாலும் 656.28 நனோமீற்றரில் உள்ள ஐதரசன் அல்பா என்ற ஒற்றைச் சிவப்புக் கோட்டில் தெரிவது. அந்தக் கோட்டை மட்டும் பிரித்தெடுத்தால்தான் படம்.

சாதாரண வெள்ளொளியில் தெரியும் வெடிப்புகள் மிக அரிது. 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலாளர் கரிங்டன் கண்டது அப்படி ஒன்று. அதுவும் ஏறக்குறைய 5 நிமிடத்தில் மறைந்துபோனது. ஆனாலும் உங்கள் தாள் வீண் இல்லை. எந்தக் கரும்புள்ளிக் கூட்டம் சிக்கலாக வளர்கிறது என்று தினமும் பார்க்க அது நல்லாக உதவும்.

மானிப்பாய்: நெபுலா எடுக்கிற 7 நனோமீற்றர் ஐதரசன் அல்பா பில்டர் என்னட்ட இருக்கு. அதை அந்தத் தாளோட சேர்த்துப் போடலாமோ?

போட்டால் சிவப்பு நிறத்தில் அதே கரும்புள்ளிதான் தெரியும். 7 நனோமீற்றர் என்பது பில்டர் விடும் அலைநீள அகலம், அதாவது 70 ஆங்ஸ்ட்ரம். நிறமண்டலத்துக்கு 1 ஆங்ஸ்ட்ரத்துக்கும் குறைவாக வேண்டும், 0.7 அல்லது 0.5 என்றால் நல்லது. அந்த நெபுலா பில்டரைத் தனியாகச் சூரியனுக்கு ஒருபோதும் திருப்பவேண்டாம்.

கொக்குவில்: அப்ப என்னத்தை வாங்கிறது? காசு ஒருக்காத்தான் செலவழிக்கலாம்.

இரண்டு வழி. ஒன்று, சூரியனுக்கென்றே செய்த சிறு தொலைநோக்கி: கொரோனாடோ பிஎஸ்டி 40 மில்லிமீற்றர், லண்ட் 50 அல்லது 60 மில்லிமீற்றர். திறந்தவுடன் வேலை செய்யலாம், முழுச் சூரியனும் ஒரே சட்டத்தில் வரும். மற்றது, கையில் உள்ள 60 முதல் 80 மில்லிமீற்றர் ஒளிமுறிவுத் தொலைநோக்கியின் பின்னால் டேஸ்டார் குவார்க் என்ற ஐதரசன் அல்பா பில்டரைப் பொருத்துவது. அதற்குள்ளேயே 4.2 மடங்கு பெருக்கும் வில்லை இருப்பதால் சூரியனின் ஒரு துண்டுதான் தெரியும், ஆனால் வெடிப்பின் இழைகள்கூடப் பிரியும். வில்லைக்குப் பதில் குழிவாடி உள்ள நியூட்டனில் அதைப் போடக்கூடாது.

குவார்க்குக்கு 5 வோல்ட் 1.5 அம்பியர் மின் வேண்டும். கரண்ட் போனாலும் பவர் பாங்க் காணும். அலைநீளம் திருத்தும் குமிழைத் திருப்பினால் 5 முதல் 10 நிமிடம் காத்திருக்கவேண்டும். எங்கள் ஊருக்கு இன்னொரு விசயம்: அது சூடாக்குமே தவிரக் குளிராக்காது. மத்தியான வெயிலில் உடல் கொதித்தால் அலைநீளம் இழுபடும். அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவிடுங்கள்.

என் கணக்கில், வெடிப்புக்குக் காத்திருப்பவருக்கு முழுச் சூரியனும் தெரிகிற 50 அல்லது 60தான் முதல் தெரிவு. அடுத்தது எந்த மூலையில் எழும் என்று யாருக்கும் தெரியாது.

நல்லூர்: கமரா? டிஎஸ்எல்ஆர் சரிவராதோ?

சரிவரும், ஆனால் வீணாகும். நிறக் கமராவில் நான்கு பிக்சலில் சிவப்பு ஒன்றுதான் வேலை செய்யும். சாதாரண டிஎஸ்எல்ஆரின் உள் பில்டர் அந்தச் சிவப்பையும் வெட்டும். கறுப்பு வெள்ளைக் கிரகக் கமரா வாங்குங்கள்.

எது என்று தெரிவுசெய்ய இரண்டு கணக்கு. சூரிய விம்பத்தின் விட்டம், குவியத்தூரத்தை 108 ஆல் பிரித்தால் வருவது. 500 மில்லிமீற்றர் குழாயில் 4.6 மில்லிமீற்றர், 5 மில்லிமீற்றர் உயரமான ஐஎம்எக்ஸ் 178 சென்சருக்குள் அளவாக அடங்கும். மற்றது, பிக்சல் அளவை (மைக்ரோமீற்றரில்) 3 ஆல் பெருக்கினால் அதற்குப் பொருத்தமான எஃப் எண் (குவியத்தூரத்தைத் தொலைநோக்கியின் விட்டத்தால் பிரித்தது) வரும். 178 இன் 2.4 பிக்சலுக்கு ஏறக்குறைய எஃப் 7. ஐஎம்எக்ஸ் 174 இன் 5.86 பிக்சலுக்கு எஃப் 18. குவார்க்கோடு எஃப் 6 குழாய் எஃப் 25 ஆகிவிடுவதால் அங்கே 174 தான் பொருந்தும். 178 ஐப் போட்டால் படம் இருண்டு, காற்றின் நடுக்கம்தான் பெரிசாகும்.

பிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு: கமரா குவியத்துக்கு வராது, உள்ளே போக இடம் காணாது. பார்லோ என்ற பெருக்கும் குழாயின் வில்லைப் பகுதியை மட்டும் கழற்றிக் கமராவின் மூக்கில் திருகினால் வரும்.

பருத்தித்துறை: போனில அறிவிப்பு வந்தவுடனே ஓடிப்போய் எல்லாம் பூட்டிறன். பூட்டி முடிக்க வெடிப்பு முடிஞ்சிடுது. என்ன செய்யிறது?

ஓடக்கூடாது, முன்னமே பதிந்துகொண்டிருக்க வேண்டும். காரணம் இதுதான். அறிவிப்பு அமெரிக்காவின் கோஸ் செய்மதியின் எக்ஸ் கதிர் வரைபை வைத்து வருகிறது. அந்த எக்ஸ் கதிர் உச்சம் பெரும்பாலும் ஐதரசன் அல்பாவில் வெடிப்பு பளிச்சிட்ட பிறகுதான் வரும். எம் வகுப்பு என்று போன் சத்தமிடும்போது நாடா போல இரண்டு வெள்ளைக் கீறல்கள் விரியத் தொடங்கி, அழகான முதல் நிமிடங்கள் போயிருக்கும். (சி, எம், எக்ஸ் என்பவை வெடிப்பின் பலத்தைச் சொல்லும் வகுப்புகள், ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பத்து மடங்கு.)

எனவே முதல் நாள் இரவே இலக்கைத் தெரிவுசெய்யுங்கள். அமெரிக்க நோவா நிலையம் ஒவ்வொரு கரும்புள்ளிக் கூட்டத்துக்கும் காந்த வகை கொடுக்கிறது. "பீட்டா காமா டெல்டா" என்று இருந்தால் அதுதான். டெல்டா என்றால் எதிரெதிர் காந்தமுனை உள்ள இரண்டு கருநிழல் (கரும்புள்ளியின் இருண்ட நடு) ஒரே புறநிழலுக்குள் (சுற்றியுள்ள மங்கல் பகுதி) நெருக்குப்படுகிறது. தினமும் அப்படி ஒன்று இருக்காது. இல்லாத நாளில் விளிம்புச் சுவாலைகளை எடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

இருக்கிற நாளில் காலை 7.30க்கே எல்லாம் ஓடட்டும். ஃபயர்கப்சர் அல்லது ஷார்ப்கப் என்ற பதிவு மென்பொருளில் தானியங்கி வரிசை போடுங்கள்: 8 செக்கன் பதிவு, 30 செக்கனுக்கு ஒரு முறை. சட்டத்தை 1200க்கு 800 பிக்சலாக வெட்டினால் ஒரு சட்டம் கிட்டத்தட்ட 1 மெகாபைட். செக்கனுக்கு 100 சட்டம் என்றால் ஒரு பதிவு 770 மெகாபைட், மணிக்கு ஏறக்குறைய 92 கிகாபைட். சாதாரண வன்தட்டு இதில் திணறிச் சட்டங்களை விடும். வெளி எஸ்எஸ்டி வேண்டும். ஒரு மணி நேரமும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.

நேரத்தையும் யோசியுங்கள். 2024 மே 11 இன் எக்ஸ் 5.8 எங்கள் நேரம் காலை 6.53க்கு உச்சம் தொட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 3 இன் எக்ஸ் 9.0 மாலை 5.48க்கு, சூரியன் மறையப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது. மே 14 இன் எக்ஸ் 8.7 எங்களுக்கு இரவு. பாதி வெடிப்புகள் பூமியின் மறுபக்கத்தாருக்குத்தான், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

அதே ஆள்: பதிஞ்ச ஒண்டிரண்டிலயும் வெடிப்பு வெறும் வெள்ளைப் பொட்டாத்தான் கிடக்கு.

அமைதியான சூரியனுக்கு ஹிஸ்டோகிராமை (கமராவின் வெளிச்ச வரைபை) 75 வீதத்தில் வைத்திருப்பீர்கள். வெடிப்பு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசிக்கும், உச்சி வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் மீட்காது. காத்திருக்கும் நாளில் 35 முதல் 40 வீதம் போதும். படம் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும், பல சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய பிறகு ஏற்றலாம். எக்ஸ்போசர் 8 மில்லிசெக்கனுக்குக் கீழே, கெயின் முடிந்தளவு குறைவாக. தானியங்கி எக்ஸ்போசர் வேண்டாம்: வெடிக்கும்போது மற்ற இடமெல்லாம் இருளும், வீடியோ விளக்கணைத்ததுபோல இருக்கும்.

சாவகச்சேரி: துருவ நட்சத்திரம் பனைமரத்துக்குள்ள மறைஞ்சிடுது. மவுண்டை எப்பிடி நேராக்கிறது?

எங்களுக்கு அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 10 பாகைதான், பகலில் தெரியவும் போவதில்லை. மவுண்டின், அதாவது தொலைநோக்கித் தாங்கியின், அச்சு உயரத்தை 9 பாகை 40 கலைக்கு வையுங்கள், வடக்கைத் தூக்குக்குண்டால் எடுங்கள். யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிவட்டத்தைக் கடப்பது நவம்பர் தொடக்கத்தில் 11.53, பெப்ரவரி நடுவில் 12.24, மற்ற நாட்களில் இடையில். அந்த நிமிடம் நூலின் நிழல் விழும் கோடுதான் வடக்குத் தெற்கு. சீமெந்துத் தரையில் பெயின்ரால் கீறி வைத்தால் ஆயுளுக்கும் காணும். சித்திரை நடுவிலிருந்து ஆவணிக் கடைசிவரை சூரியன் எங்களுக்கு வடக்கே போவதால் நிழல் தெற்கே விழும், குழம்பவேண்டாம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் தலைக்கு மேல், நிழலே இருக்காது, அந்தக் கிழமையில் கோடு கீறப் பார்க்கவேண்டாம்.

இவ்வளவு சரிந்த அச்சில் எடைக்கல் முக்காலிக் காலில் முட்டும். நடுத்தூணுக்கு ஒரு நீட்டிப்புத் துண்டு போடுங்கள்.

காரைநகர்: மேல்மாடியில வைச்சன், படம் தண்ணிக்குள்ள கிடக்கிறமாதிரி ஆடுது.

மேல்மாடிச் சீமெந்துதான் காரணம். வெயில் ஏறியதும் அது அடுப்பு. பக்கத்தில் தகரக் கூரை இருந்தால் இன்னும் மோசம். கீழே, புல் உள்ள வளவுக்கு இறக்குங்கள், அல்லது சுற்றிவரத் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர்ப் பரப்பு மெதுவாகச் சூடாவதால் அதன் மேலான காற்று அமைதி. உதய்பூர் சூரிய ஆய்வகத்தை ஏரிக்குள் கட்டியது அதற்காகத்தான். காரைநகரில் உங்களுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது, சூரியன் பக்கம் தண்ணீர் வரும்படி நில்லுங்கள். 7.30 முதல் 9.30 வரை நல்ல நேரம். தை, மாசி, பங்குனி நல்ல மாதங்கள். ஆனி ஆடிச் சோளகத்தில் 60 மில்லிமீற்றருக்கு மேல் எதையும் வெளியே எடுக்கவேண்டாம்.

வேலணை: படத்தில வளையம் வளையமா கோடு.

நியூட்டன் வளையங்கள். ஒற்றை அலைநீள ஒளி சென்சருக்கும் அதன் கண்ணாடிக்கும் இடையில் தெறிப்பதால் வருவது. கமராவுக்கு முன் சாய்ப்பு வளையம் போட்டு, கோடுகள் நெருங்கி மறையும்வரை ஓரிரு பாகை சாயுங்கள். தூசிப் புள்ளிக்கு வேறு மருந்து: வெளிச்சம் விடும் வெள்ளைச் சொப்பிங் பையைக் குழாயின் வாயில் இறுக்கிக் கட்டி, ஒரு சமநிலைப் படம் பதிந்து, மென்பொருளில் மற்றப் படங்களை அதனால் வகுத்துவிடுங்கள். கமராவைத் திருப்பினால் அதை மறுபடி எடுக்கவேண்டும்.

உரும்பிராய்: அடுக்கினாப்பிறகு வீடியோவாக்கேக்க மினுக்கி மினுக்கி வருது அக்காவின்ர பழைய தொலைக்காட்சிமாதிரி.

ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாகத் திருத்தியிருப்பீர்கள். ஓட்டோஸ்டக்கேர்ட் என்ற அடுக்கும் மென்பொருளில் மேற்பரப்பு முறையில், நல்ல 15 வீதச் சட்டங்களை அடுக்குங்கள், "வெளிச்சத்தைச் சமப்படுத்து" என்பதை எடுத்துவிடுங்கள். பிறகு ஐஎம்பிபிஜி மென்பொருளில் ஒரு படத்துக்குக் கூர்மையைச் சரிபார்த்து, அதே அளவை எல்லாப் படத்துக்கும் ஒரேயடியாகப் போடுங்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தவும் அதுவே செய்யும். இடையில் மெல்லிய முகில் கடந்த பதிவைத் தூக்கி எறியுங்கள், திருத்தப் போனால் வெடிப்பின் உண்மையான ஏற்ற இறக்கமும் போய்விடும். கோப்பின் பெயரில் உலக நேரம் இருக்கட்டும்: எங்கள் நேரத்தில் 5 மணி 30 நிமிடம் கழித்தால் வரும், கோஸ் வரைபோடு ஒப்பிடலாம்.

அளவெட்டி: வெறும் போனால எடுக்கேலாதோ?

கண்வில்லையில் போன் பிடிப்பான் போட்டு, எக்ஸ்போசரைப் பூட்டி, கீழே இறக்கி, வீடியோ எடுத்தால் பெரிய வெடிப்பு தெரியும். அதற்கும் ஐதரசன் அல்பாத் தொலைநோக்கிதான் முன்னால் வேண்டும்.

ஊர்காவற்றுறை: இரண்டு வருசத்துக்குப் பிறகு படம் புகைபோலக் கிடக்கு. வில்லையைத் துடைச்சும் போகேல்லை.

முன் வில்லையில் உப்புப் படிந்தது துடைத்தால் போயிருக்கும். போகவில்லை என்றால் கண்வில்லைப் பக்கம் இருக்கும் தடுப்புப் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். ஈரப்பதனில் அதன் பூச்சு பழுதாகி ஓரத்திலிருந்து பால் போலப் படரும். அப்படிக் கண்டால் தொலைநோக்கியைச் சூரியனுக்குத் திருப்பாமல், அந்தத் துண்டை மட்டும் தயாரிப்பாளரிடம் மாற்றுங்கள். புதியது வந்ததும் இறுகிய மூடியுள்ள டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் தாச்சியில் குறைந்த சூட்டில், மறுபடி நீலமாகும்வரை வறுத்துப் போடலாம். அந்தத் தாச்சி பிறகு சமையலுக்கு வேண்டாம்.