பழைய குதிரை டிரெய்லருக்கு விலை பேசும் முன் எடை மேடைக்குப் போங்கள்

கேள்வி: பாலக்கோட்டுக்கு அருகே மாந்தோப்பு வைத்திருக்கிறேன். 60 அங்குல உயரமுள்ள மார்வாரிப் பெண் குதிரை ஒன்றும் மட்டக் குதிரை ஒன்றும் என்னிடம் உள்ளன. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கும், மாதம் இரண்டு முறை ஒசூர்ப் பக்கம் சவாரிப் பயிற்சிக்கும் இவற்றை வாடகை மினி லாரியில் ஏற்றிச் செல்கிறேன். இப்போது பெங்களூரு அருகே ஒரு பண்ணையில், இரண்டு குதிரைகள் நிற்கக்கூடிய பழைய டிரெய்லர் ஒன்று விலைக்கு வருகிறது. "லைட்வெயிட் வண்டி, எந்த எஸ்யூவியும் இழுக்கும்" என்கிறார் விற்பவர். என்னிடம் டீசல் எஸ்யூவி இருக்கிறது. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது?

பதில்: விற்பவர் "லைட்வெயிட்" என்று சொல்வது டிரெய்லரின் வெற்று எடையைத்தான். உங்கள் வண்டி இழுக்கப்போவதோ குதிரைகளும் தண்ணீரும் வைக்கோலும் சேர்ந்த மொத்த எடையை. இரண்டு குதிரைகளுக்கான இலேசான டிரெய்லர்கள் பெரும்பாலும் 750 முதல் 1,000 கிலோ வரை இருக்கும். உங்களுடையதை 850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெண் குதிரைக்கு 400, மட்டக் குதிரைக்கு 230, சேணம், தீவனம், தண்ணீர்க் கேன்களுக்கு 70 என்று கூட்டினால் 1,550 கிலோ வந்துவிடுகிறது. இதை இழுப்பது உங்கள் டீசல் எஞ்சினுக்குப் பெரிய காரியமன்று, நிறுத்துவதுதான் காரியம்.

ஆகவே டிரெய்லரைப் பார்க்கக் கிளம்பும் முன், காரோடு வந்த கையேட்டை எடுத்து, இழுவை எடை பற்றிய பக்கத்தைப் படியுங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எண்ணும் பிரேக் இல்லாததற்கு அதைவிட மிகக் குறைந்த ஓர் எண்ணும் அங்கே இருக்க வேண்டும். நம் நாட்டில் விற்கப்படும் பல மாடல்களின் கையேடுகளில் இந்த எண்ணே இருப்பதில்லை; சிலவற்றில் டிரெய்லர் இழுக்கக் கூடாது என்றே எழுதியிருக்கும். அதே பெயருள்ள வண்டி வெளிநாட்டில் மூன்று டன் இழுக்கிறது என்று யாராவது காணொளி காட்டினால் அதை நம்பி இறங்காதீர்கள்; அங்கே விற்கும் வண்டியின் கியர் விகிதமும் குளிரூட்டும் அமைப்பும் கொக்கி மாட்டும் சட்டமும் வேறாக இருக்கலாம். கையேடு அனுமதிக்கவில்லை என்றால் இந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது, மினி லாரியே உங்களுக்கு நல்லது. அனுமதித்தாலும், சுமையேற்றிய டிரெய்லரின் எடை காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது புதிதாக டிரெய்லர் ஓட்டுபவர்களுக்கு வெளிநாடுகளில் சொல்லப்படும் அளவு. கணவாய்ச் சாலையில் போய்வர வேண்டிய உங்களுக்கு நான் 75-ஐத்தான் சொல்வேன். அப்படிப் பார்த்தால் 1,550 கிலோவுக்கு ஏறத்தாழ 2,070 கிலோ எடையுள்ள கார் தேவை. உங்கள் எஸ்யூவி அதைவிட இலேசானது என்றால் ஒரு பயணத்துக்கு ஒரு குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் சொல்லும் வெற்று எடையையும் அப்படியே ஏற்க வேண்டாம். பழைய டிரெய்லரில் இடையில் யாரோ இரும்புத் தகடு அடித்திருப்பார்கள், கனமான ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்கள், பெட்டி ஒன்று பற்றவைத்திருப்பார்கள். எடை மேடையில் காரிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தி எடை போடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகளையும் கிரானைட் லாரிகளையும் நம்பியே எத்தனையோ எடை மேடைகள் இருக்கின்றன; பெங்களூரு சாலையிலும் பஞ்சமில்லை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இழுசட்டத்தில், அதாவது காரோடு மாட்டும் முன்பக்கச் சட்டத்தில், பதித்திருக்கும் உலோகத் தகட்டில் உள்ள அதிகபட்ச மொத்த எடையுடன் ஒப்பிடுங்கள். தகடே இல்லாத டிரெய்லரை நான் வாங்கமாட்டேன்.

மொத்த எடையில் ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு கொக்கியின் மீது அழுந்த வேண்டும். இதைக் குளியலறை எடைக் கருவியின் மேல் ஒரு கட்டையை வைத்து, அதன் மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கியே அளந்துவிடலாம். இது குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். மிகுந்தால் காரின் முன்சக்கரங்கள் பிடிமானத்தை இழக்கும். கையேட்டில் கொக்கிக்கென்று தனி வரம்பு இருந்தால் அதுவே மேலானது. ஒரு குதிரையை மட்டும் ஏற்றும்போது அதை வலப்புறத் தடுப்பில் நிறுத்துங்கள். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து இடது ஓரத்தில் சரிவதால், இடப்புறம் நிற்கும் கனம் டிரெய்லரைப் பள்ளத்தின் பக்கம் இழுக்கும். கொக்கிக் குண்டின், அதாவது டிரெய்லரின் மூக்கு வந்து அமரும் உருண்டையின், அளவையும் பாருங்கள். ஐரோப்பிய டிரெய்லருக்கு 50 மில்லிமீட்டர், அமெரிக்க வகைக்கு 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று மாற்றி மாட்டுபவர்கள் உண்டு, நீங்கள் மாட்டாதீர்கள்.

இனி பிரேக். அந்தியூருக்குப் போக நீங்கள் தொப்பூர் கணவாயை இறங்கியாக வேண்டும். கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரையிலான அந்த நீண்ட இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய செய்திகளை நீங்களே எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். இலேசான குதிரை டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது ஓவர்ரன் பிரேக்: கார் வேகம் குறையும்போது பின்னாலிருக்கும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளலில் மூக்கிலுள்ள தண்டு உள்ளே நகர்ந்து கேபிளை இழுத்துச் சக்கரங்களின் பிரேக்கைப் பிடிக்கும். சமதளத்தில் இது அழகாக வேலை செய்யும். நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் ஓயாமல் காரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், பிரேக் கட்டைகள் டிரம்மில் உரசிக்கொண்டே இருந்து சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியருக்கு மாறிவிடுங்கள். காலைப் பிரேக்கின் மேல் வைத்தபடியே இறங்காமல், சற்று அழுத்திப் பிடித்து விட்டுவிட்டு இறங்குங்கள். கீழே சமதளம் வந்ததும் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்புகளின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகச் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ சரியில்லை. ஒசூரிலிருந்து சூளகிரி வழியாகத் திரும்பும்போதும் சாலை இறங்கிக்கொண்டேதான் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கும் முன்பு அந்தத் தண்டை அழுத்திப் பாருங்கள்: கடினமாக எதிர்த்து உள்ளே போய், மெதுவாகத் தானே வெளியே வர வேண்டும். தடதடவென்று ஆடினால் உள்ளிருந்து அதிர்வை அடக்கும் டேம்பர் போய்விட்டது. கைப்பிரேக்கைப் போட்டுக் காரால் மெல்ல இழுத்தால் சக்கரங்கள் உருளாமல் நிற்க வேண்டும். கொக்கி கழன்றால் கைப்பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பிக் கயிறு இருக்கிறதா, அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு அடுத்த இடம் தரைப் பலகைக்கு. குதிரையின் சிறுநீர் ரப்பர் விரிப்பின் அடியில் தேங்கி, மரத்தை இற்றுப்போகச் செய்யும், அலுமினியத்தையும் அரித்துவிடும். முன்பு நான் பார்க்கப் போன ஒரு டிரெய்லரில் உடல் முழுதும் புது வண்ணம் பளபளத்தது. விரிப்பைத் தூக்க உரிமையாளர் தயங்கினார், தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் அது கைப்பிடி வரை இறங்கிவிட்டது. ஓடும் வண்டியில் குதிரையின் கால் தரையைத் துளைத்துச் சாலையைத் தொட்டால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. விரிப்பை முழுதாக வெளியே எடுத்து, பலகைகளை ஓரங்களிலும் பின்பக்கச் சாய்வுப் பலகையின் கீல் அருகிலும் குத்திப் பாருங்கள், பிறகு டிரெய்லரின் அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பலகையை மட்டும் மாற்றுவது தச்சருக்கும் வெல்டருக்கும் இரண்டு நாள் வேலை, அதற்காக விலையைக் குறைத்து வாங்கலாம். ஆக்சில் பொருந்தும் இடத்திலோ இழுசட்டத்திலோ துருவால் விரிசல் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

டயரைப் பள்ளத்தின் ஆழத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே கெடுகிறது. பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு ஆண்டைத் தாண்டியிருந்தால் புதிய டயர்களின் விலையையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமைக் குறியீட்டு எண்ணும் முக்கியம்: 91 என்பது ஒரு டயருக்கு 615 கிலோ, 104 என்பது 900 கிலோ.

உள்ளே உங்கள் பெண் குதிரை தலையை நிமிர்த்தி நிற்க ஏழடி உயரமாவது வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் அது வியர்த்துத் தவித்துவிடும். எதிரெதிரே திறக்கும் ஜன்னல்கள் உள்ளதையே தேர்ந்தெடுங்கள், கூரைக்கு வெள்ளை வண்ணம் அடியுங்கள்.

ஆவணங்களில் பலர் சறுக்குகிறார்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் "மோட்டார் வாகனம்" என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்குகிறது. ஆகவே அதற்கென்று தனிப் பதிவும் காப்பீடும் இருக்க வேண்டும். கர்நாடகப் பதிவு என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்றுக்கான படிவம் 28, உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பத்தைப் பணம் கொடுக்கும் முன்பே பெறுங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். காரில் கொக்கி பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகள், குதிரைகள் பயணத்துக்குத் தகுதியானவை என்ற கால்நடை மருத்துவரின் சான்றைக் கேட்கின்றன. சரக்கு வாகனத்தில் குதிரைகளைக் கொண்டுசெல்லும்போது கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்கின்றன. நான்குவழிச் சாலையில் அந்த வேகம் பொறுமையைச் சோதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் நிற்கும் குதிரையைக் கேட்டால் அதற்கு அந்த வேகமே பிடிக்கும் என்பேன். உடன் வரும் ஆள் காரில் இருக்கட்டும், ஓடும் டிரெய்லருக்குள் வேண்டாம்.

பராமரிப்பு பெரிய வித்தையன்று, சோம்பல்தான் எதிரி. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் விரிப்பை வெளியே எடுத்துத் தரையைக் கழுவி, இரண்டும் தனித்தனியே காயும் வரை திறந்து வையுங்கள். ஆண்டுக்கொரு முறை, ஆடிச் சந்தைக்கு முன்பாக, சக்கரங்களைக் கழற்றிப் பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் வைத்து, பிரேக் கட்டைகளையும் கேபிளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறைக்காரர்களுக்குப் பேரிங் வேலை கைவந்த கலை, ஓவர்ரன் பிரேக் அவர்களில் பலருக்குப் புதிது என்பதால் அதற்கு மட்டும் பழகியவரைத் தேடுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது கைப்பிரேக்கைப் போடாமல் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். போட்டுவிட்டால் மழைக்காலத்தில் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். விளக்குகளைப் புறப்படும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வாங்கியதும் நேரே அந்தியூருக்குக் கிளம்பிவிட வேண்டாம். ஒரு வாரம் தோப்பிலேயே காரோடு மாட்டி நிறுத்தி, தினமும் தீவனத்தை டிரெய்லருக்குள் வையுங்கள். வெறும் டிரெய்லரோடு திரும்பவும் பின்னால் எடுக்கவும் நீங்கள் பழகிய பிறகு, இரண்டில் சாதுவானதை மட்டும் ஏற்றி, விடியற்காலையில் மாரண்டஅள்ளி வரை போய்த் திரும்புங்கள்.