பதில்: சம்பளம் ஏற்றியும் ஆட்களுக்கு ஈடுபாடு வரவில்லை

வணக்கம். சம்பளம் ஏற்றிய பிறகும் கிடங்கு ஆட்கள் "நம்ம கையில என்ன இருக்கு" என்றே பேசுகிறார்கள், ஆனால் யாரும் வேலையை விடவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்.

ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1991இல் பணிப்பற்றை, அதாவது ஒருவர் தன் நிறுவனத்தோடு ஒட்டியிருப்பதை, மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்துப்போய் இருப்பது, கடமை என்று இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது. உங்களிடம் இருப்பது மூன்றாவது போலத் தெரிகிறது. சம்பளம் அதைத்தான் இன்னும் கெட்டியாக்கும்.

அடுத்து, அந்த "நம்ம கையில என்ன இருக்கு" பேச்சு. நடப்பதெல்லாம் தன் முயற்சியாலா, அதிர்ஷ்டத்தாலா, மேலே இருப்பவர்களாலா என்ற நம்பிக்கையை அளக்க ஜூலியன் ராட்டர் என்ற உளவியலாளர் 1966இல் ஒரு கேள்விப் படிவம் வெளியிட்டார். வேலையிடத்துக்கென்றே 16 கூற்றுகளோடு பால் ஸ்பெக்டர் என்ற உளவியலாளர் 1988இல் ஒன்று செய்தார். தன் கையில் இருக்கிறது என்று நினைப்பவர்களிடம் முதல் வகைப் பற்று பொதுவாக அதிகம். அதற்காகப் படிவம் கொடுத்து ஆட்களைத் தரம் பிரிக்க வேண்டாம். ஷிஃப்ட், லீவு எல்லாம் நீங்களே முடிவு செய்வதாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அவர்கள் பேசுவது விரக்தி இல்லை, உள்ள நிலவரம்.

சரி, அடுத்த மாத ஷிஃப்ட் அட்டவணையை அவர்களே போடட்டும். அப்புறம் அதில் கை வைக்காதீர்கள். போடச் சொல்லிவிட்டு மாற்றினால், கேட்காமலே இருந்ததைவிட மோசம்.