எண்ணெய் பிரிந்த சீஸும் எச்சில் பஞ்சாயத்தும்

அடுப்பங்கரைக் கேள்வி பதில்

போன இதழில் ‘வீட்டுக்கு ஆள் வந்தால் சீஸ் ஃபாண்டூ செய்து பாருங்கள், ஒரு சட்டி சீஸை உருக்கி நடுவில் வைத்து எல்லாரும் ரொட்டியைத் தோய்த்துத் தின்னலாம்’ என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். செய்முறை கொடுக்காதது என் தப்புதான். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே என்பதால் இந்த முறை மீன் குழம்புக் கேள்விகளுக்கு இடமில்லை, கோபப்படாதீர்கள்.

அக்கா, உங்களை நம்பி மகன் பிறந்தநாளுக்கு ஃபாண்டூ செய்தேன். ஒரு பாக்கெட் மோஸரெல்லாவைக் கொட்டி, பால் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்தேன். மேலே எண்ணெய், கீழே ஒரு பந்து. ‘ரோலரில் போட்டால் ஷீட் ஆயிரும்’ என்கிறார் வீட்டுக்காரர். எங்கே தப்பு?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

ரப்பர் தோட்டத்துக்காரர் போல, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என் முதல் ஃபாண்டூவுக்கும் இதே கதிதான். கிறிஸ்துமஸ் ராத்திரி, பதினோரு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, முள்கரண்டியைத் தூக்கினேன், கூடவே சட்டியும் எழுந்து வந்தது. என் மைனி இன்றைக்கும் கேக் வெட்டும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்.

உங்கள் வீட்டில் நடந்தது மூன்று தப்பு. மோஸரெல்லா இழுபடுவதற்கென்றே செய்த சீஸ், பீட்சாவுக்குச் சரி, இதற்கு ஆகாது. இரண்டாவது, கொதி. சீஸ் கொதித்தால் அதிலுள்ள புரதம் இறுகி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி கொழுப்பை வெளியே தள்ளிவிடும், அதுதான் நீங்கள் பார்த்த எண்ணெய். மூன்றாவது, புளிப்பும் மாவும் இல்லாமல் வெறும் பாலை மட்டும் விட்டது.

சரி, சாயங்காலப் பலகாரமாக ஆறு பேருக்கு அளவு சொல்கிறேன். கௌடா, எமன்டால், செடார் இவற்றில் எது கிடைக்கிறதோ அது 400 கிராம், கூடவே 25 கிராம் பிராசஸ்டு சீஸ் க்யூப் இரண்டு. எல்லாவற்றையும் துருவி, ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை மேலே தூவிக் கையால் பிசிறி வையுங்கள். தேங்காய்த் துருவலில் உப்பு பிசிறுவோமே, அந்தப் பதம்தான், ஒவ்வொரு துருவலிலும் மாவு ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பூண்டுப் பல்லை இரண்டாக நறுக்கிச் சட்டியின் உட்புறம் முழுக்கத் தேயுங்கள். காய்கறி வேகவைத்த தெளிந்த தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, அதில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுச் சூடாக்கி, ஓரத்தில் குமிழ் வரும்போது தீயைக் குறைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு பிடி சீஸ். அது முழுதாகக் கரைந்த பிறகு அடுத்த பிடி. இதில்தான் பொறுமை வேண்டும், நான் கோட்டைவிட்டதும் இங்கேதான். மரக்கரண்டியை வட்டமாகச் சுற்றாமல் எட்டுப் போடுகிற மாதிரி கிண்டுங்கள், சுற்றிச் சுற்றிக் கிண்டினால் சீஸ் நடுவில் உருண்டையாகத் திரளும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கரண்டியைத் தூக்கினால் தோசை மாவு மாதிரி பட்டையாக வழிய வேண்டும். கடைசியில் மிளகுப் பொடியும், ஜாதிக்காயை நாலு உரசு உரசியதும். நம் குமரி மாவட்டத்தில் கொல்லையில் ஜாதிக்காய் காய்க்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, பொடியைக் கடையில் வாங்காதீர்கள். உப்பு போடவே வேண்டாம், சீஸில் இருப்பதே ஏகம்.

இதற்கும் மேல் எண்ணெய் பிரிந்தால் சட்டியைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரை ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் கரைத்து ஊற்றி, மிதமான சூட்டில் விடாமல் அடித்துக் கலக்குங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

பாலில் எலுமிச்சை விட்டால் திரியும். ஆனால் ஃபாண்டூ சீஸில் எலுமிச்சை விட்டால் திரியாதாம், என் பேத்தி சொன்னாள். இது என்ன வேதியியல்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், குளச்சல்

சார், நல்ல கேள்வி. பாலில் புரதம் தனித்தனியாக மிதக்கிறது. புளிப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரிகிறது. சீஸில் அது ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஒட்டவைக்கிற பசைகளில் கால்சியம் முக்கியமானது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும், சுவிஸ்காரர்கள் ஃபாண்டூவில் ஊற்றுகிற ஒயினின் டார்டாரிக் அமிலமும் அந்தக் கால்சியத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடி தளர்ந்த புரதம் கொழுப்பையும் தண்ணீரையும் கலந்து தாங்கிக்கொள்ளும், குழம்பு வழவழவென்று நிற்கும். அளவு மீறி பிழிந்தால் மறுபடியும் மணல் மணலாகத் திரியும், அதனால் எண்ணெய் பிரியாதவரை ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தச் சொல்கிறேன். ‘பன்னீரில் செய்யலாமா’ என்று கேட்டிருக்கிற மற்ற மூன்று பேருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பன்னீர் சூடான பாலைப் புளிப்பால் திரித்து எடுத்தது, புரதம் முன்பே இறுகிப்போயிருக்கும், நாள் முழுக்கச் சூடாக்கினாலும் உருகாது.

பிராசஸ்டு க்யூப் சேர்ப்பதைக் கேவலமாக நினைக்கிறவர்களும் உண்டு. 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் எமன்டாலோடு சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கித்தான் இந்தப் பிராசஸ்டு சீஸையே கண்டுபிடித்தார்கள், ஃபாண்டூவின் ஊரிலேயே பிறந்த சரக்கு அது. டப்பாவின் பின்னால் ‘எமல்சிஃபையர் 331’ என்று இருந்தால் அதே சிட்ரேட்தான். க்யூப் இரண்டு போட்டால் அந்தச் சிட்ரேட் உப்பு மற்ற சீஸையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஒயின் ஊற்றாமல் ருசி வராது என்கிறான் மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிற கொழுந்தன். வீட்டில் மாமா இருக்கிறார், ஒயின் பாட்டில் உள்ளேயே வராது. பதநீர் ஊற்றலாமா?
- பெயர் வேண்டாம், கருங்கல்

சிரித்துவிட்டேன், ஆனால் பதநீர் வேண்டாம். இனிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அது புளிப்பைக் கொல்லும், கால்சியத்தையும் கூட்டும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். எலுமிச்சை விட்ட காய்கறித் தண்ணீரே போதும். கொழுந்தனிடம் சொல்லாமல் செய்து கொடுங்கள், எதுவும் சொல்ல மாட்டான்.

ஒரே சட்டியில் எல்லாரும் மாறி மாறி முள்கரண்டியை விடுவது எச்சில் இல்லையா? அத்தை இதைக் கேட்டுவிட்டு ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுந்து போய்விட்டார்.
- ஒரு வாசகி, வடசேரி

அத்தை கேட்டது நியாயம். தண்ணீர்ச் செம்பையே வாயில் படாமல் தூக்கிக் குடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். சுவிட்சர்லாந்திலும் நீண்ட முள்கரண்டியில் வாயை வைக்காமல் பல்லால் ரொட்டியை மட்டும் கவ்வி எடுப்பதுதான் மரியாதை, தோய்த்ததைக் கடித்துவிட்டு மறுபடி தோய்ப்பது அங்கேயும் அசிங்கம்தான். நான் எங்கள் வீட்டில் அதையும் நம்பவில்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம். முள்கரண்டி சட்டிக்கும் கிண்ணத்துக்கும் மட்டும் போய்வரும், கிண்ணத்திலிருந்து வாய்க்குக் கை. குத்தி, தோய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி வழிகிற நூலை அறுத்து, கிண்ணத்தில் தட்டிவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். சூடும் கொஞ்சம் ஆறும், குழந்தைகளின் நாக்கும் பிழைக்கும்.

ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்டவருக்குத் தண்டனை கொடுக்கிற வழக்கம் அந்த ஊரில் உண்டு. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது அவர்தான். போன முறை என் அண்ணன் மூன்று தடவை தவறவிட்டார், மூன்றாவது தடவை வேண்டுமென்றே தள்ளிவிட்டது அவர் மகள்தான் என்பது என் சந்தேகம். அத்தையை அடுத்த தடவை சட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து, முதல் துண்டை அவரையே எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஜெனீவாவில் நர்ஸாக இருக்கும் மகள் க்ரூயேர் சீஸ் கொண்டுவந்திருக்கிறாள். நாங்கள் சைவம். சாப்பிடலாமா?
- ஒரு வாசகர், சுசீந்திரம்

கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டால் உறையவைப்பது க்ரூயேர். அதனால் உங்கள் வீட்டுக்கு ஆகாது. பச்சைப் புள்ளி உள்ள நம்மூர் சீஸ்களில் செய்யுங்கள். மகள் வருத்தப்பட்டால், அசைவம் சாப்பிடுகிற பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு யோகம். க்ரூயேர் பாதி, வாஷரன் என்கிற இன்னொரு சுவிஸ் சீஸ் பாதி போட்டுச் செய்வதை ‘ம்வாத்தியே ம்வாத்தியே’ என்பார்கள், பாதிக்குப் பாதி என்று அர்த்தம். ஃபாண்டூ என்ற பெயரே ஃபிரெஞ்சில் ‘உருக்கியது’ என்பதுதான். மலைக்கார ஏழைச் சாப்பாடு, காலங்காலமாக எல்லாரும் தின்றது என்று கதை சொல்வார்கள். 1930-களில் அந்த நாட்டு சீஸ் வியாபார அமைப்பு ஒன்று சரக்கு விற்க வேண்டுமே என்று தேசிய உணவாக விளம்பரம் செய்து பரப்பியதுதான் அதில் பெரும்பங்கு.

தோய்க்க என்னவெல்லாம் வைக்கலாம்? அந்த விசேஷச் சட்டியும் அடுப்பும் வாங்கியே ஆக வேண்டுமா?
- ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

வாங்காதே மக்களே. அவர்கள் வைத்திருப்பதும் கனமான மண்சட்டி மாதிரி ஒன்றுதான். பழக்கிய புதுச் சட்டியாக இருக்கட்டும், மீன் சட்டியை எடுத்துவிடாதே, எத்தனை தேய்த்தாலும் சீஸில் கொடம்புளி மணக்கும். மேசையில் சூடு நிற்க, உருளியில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அதற்குள் சட்டியை இறக்கி வை, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று. ஸ்பிரிட் அடுப்பு இருந்தால், எரியும்போது அதில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது.

ரொட்டி, பேக்கரியில் வெட்டாத பிரட் கேட்டு வாங்கி, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோல் இருக்கிற மாதிரி வெட்டி ஒரு ராத்திரி காயவிட்டது. மழைக்காலத்தில் காயாது, தோசைக்கல்லில் வாட்டு. ஆனால் என்னைக் கேட்டால் ரொட்டியைவிட நம் மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மேல். மஞ்சளும் உப்பும் போட்டு, குழைய விடாமல், குத்தினால் நிற்கிற பதத்தில் வேகவைத்து, விரல் பருமனுக்கு நறுக்கி வை. கிழங்குக்குச் சொந்தமாகப் பெரிய ருசி கிடையாது, சீஸின் உப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும். அவித்த ஏத்தங்காய், சுட்ட இறால், காலிஃப்ளவர் எல்லாம் சரிதான். ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் தோய்த்தால் உள்ளேயே முறிந்துவிடும், தனியாகக் கொறிக்கலாம். பக்கத்தில் வினிகரில் போட்ட சின்ன வெங்காயம் கட்டாயம், அது இல்லாவிட்டால் ஐந்தாவது துண்டில் திகட்டும்.

இதைத் தின்றுவிட்டுப் பச்சைத்தண்ணீர் குடித்தால் வயிற்றில் சீஸ் உறைந்துவிடுமாமே?
- ஒரு வாசகி, திங்கள்சந்தை

சுவிஸ் பாட்டிகளும் அப்படித்தான் சொல்வார்கள், ஒயின் அல்லது பால் விடாத சூடான கட்டன் சாயாதான் குடிக்க வேண்டும் என்று. சூரிச் மருத்துவமனையில் 20 பேருக்கு ஃபாண்டூ கொடுத்து, ஒயினோடும் சாயாவோடும் சோதித்து 2010-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒயின் குடித்தபோதுதான் வயிறு காலியாக அதிக நேரம் பிடித்தது. நம் கட்டன் சாயாவே ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு மந்தமாவதற்குக் காரணம் தண்ணீர் இல்லை, தின்கிற அளவு. அங்கே இதுவே இரவுச் சாப்பாடு, ஆளுக்கு 200 கிராம் சீஸ் கணக்கு. நமக்கு 75 கிராமே தாராளம்.

சட்டியின் அடியில் பிடித்ததை எப்படிக் கழுவுவது?
- அதே வடசேரி வாசகி

கழுவாதீர்கள்! அடியில் ஒரு கரண்டி சீஸ் மிஞ்சும்போது சட்டியை அடுப்பில் குறைந்த தீயில் வைத்து, கிண்டுவதை நிறுத்திவிட்டால், பொன் நிறத்தில் முறுகலாக ஒரு அப்பளம் மாதிரி பிடிக்கும். தோசைக்கரண்டியால் ஓரத்திலிருந்து நெம்பி எடுத்து உடைத்துப் பங்கு வையுங்கள். சுவிட்சர்லாந்தில் இதற்காகவே காத்திருப்பார்கள், ‘கன்னியாஸ்திரி’ என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது சமைத்தவருக்கு, அதாவது எனக்கு. மிச்சம் ஒட்டியிருப்பதற்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள், வெந்நீர் ஊற்றினால் இன்னும் கெட்டியாக ஒட்டும்.