கீசர் கசிந்தால் வால்வை அடைக்க விடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் குளியலறையில் உள்ள 15 லிட்டர் கீசரை வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சில வாரங்களாக அடியில் நீர் சொட்டுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், ‘வால்வு கெட்டுவிட்டது, அடைத்துவிட்டால் போதும்’ என்றார். இன்னொருவர் தொட்டியில் ஓட்டை, கழற்றிக்கொண்டுபோய் வெல்டிங் வைத்துத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்கிறார். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். யாரை நம்புவது? மின்சாரம் தாக்குமா? — மணவாளக்குறிச்சி வாசகி

பதில்: இருவரையும் நம்பாதீர்கள், அம்மா. முன்பணம் கொடுக்காததும் நல்லதாயிற்று.

முதலில் மின்சாரம். கீசரின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் பெட்டியில் அதற்கென இருக்கும் எம்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்சையும் இறக்கிவிடுங்கள். கீசரின் அடிமூடிக்குள்தான் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் மின்கம்பிகளும் இருக்கின்றன. நீர் அங்கே இறங்கினால் ஆபத்து. எர்த் சரியாக இல்லாத வீட்டில் குழாயைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உங்கள் வீட்டில் இல்லையென்றால், கீசரைப் பற்றிய பேச்சுக்கு முன்பே அதைப் பொருத்திவிடுங்கள். பிறகு கீசருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயை மூடுங்கள். அங்கே வால்வு இல்லையென்றால் மாடித் தொட்டியின் வால்வை மூடலாம்.

அடுத்து, நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமலேயே இருவரும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். மின்சாரம் நின்றிருக்கும்போதே கீசரின் அடிப்பகுதியையும் குழாய் இணைப்புகளையும் துணியால் நன்றாகத் துடையுங்கள். கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரியுங்கள். மூடிய குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். நட்டு இருக்கும் இடத்தில் ஈரம் தெரிந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. சில்லறைச் செலவில் முடிந்துவிடும். பிளாஸ்டிக் அடிமூடியின் விளிம்பிலிருந்து துருக்கறையுடன் சொட்டினால் உள்ளே கேஸ்கெட் என்ற ரப்பர் வளையம் தளர்ந்திருக்கலாம், தொட்டியே அரித்தும் இருக்கலாம். கேஸ்கெட் என்றால் மாற்றிக்கொள்ளலாம். மூடியைக் கழற்றி ஓட்டையை உங்கள் கண்ணுக்குக் காட்டாமல் ‘தொட்டி போய்விட்டது’ என்று சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

நீர் வால்விலிருந்து வந்தால் மட்டும் கதை வேறு. குளிர்நீர் நுழையும் இடத்தில் சிறிய பித்தளை வால்வு ஒன்று இருக்கும். பாதுகாப்பு வால்வு என்பது அதுதான். கீசர் சூடாகும்போது மட்டும் அது சொட்டி, ஆறியதும் நின்றுவிட்டால் அது பழுதே அல்ல. நீர் சூடானால் விரியும். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் கால் லிட்டர் அளவுக்குக் கூடுகிறது. கூடிய நீர் மாடித் தொட்டிக்குத் திரும்பவும் முடியாது. அதைத் தடுக்கும் அமைப்பும் அதே வால்வுக்குள்தான் இருக்கிறது. அதனால் உள்ளே அழுத்தம் ஏறி, பெரும்பாலான மாடல்களில் 8 பார் அளவில் வால்வு திறந்து சில சொட்டுகளை வெளியே விடுகிறது. மாடித் தொட்டியின் அழுத்தமோ 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான். ஒரு சிறு குழாயை மாட்டி அந்தச் சொட்டுகளைத் தரை வடிகாலுக்கு விட்டுவிடுங்கள். ஆறிய நிலையிலும் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் உப்புப் படிந்திருக்கிறது, வால்வை மாற்ற வேண்டும். மாற்றத்தான் வேண்டும், அடைக்கக் கூடாது. வால்வை அடைத்த கீசரில் தெர்மோஸ்டாட்டும் கெட்டுவிட்டால் தொட்டி குண்டுபோல வெடிக்கலாம். ‘அடைத்துவிட்டால் போதும்’ என்று சொன்னவரை இனி வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

வெல்டிங் சுத்த ஏமாற்று. இப்போது விற்கும் பல தொட்டிகளின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு கொண்டது. வெல்டிங் சூட்டில் அந்தப் பூச்சு வெடித்து உதிரும், சில மாதங்களில் வேறோர் இடத்தில் துரு தின்னும். கழற்றிக்கொண்டு போனவர் திரும்பி வருவாரா என்பதும் கேள்விதான்.

தொட்டி அரித்தது உண்மையென்றால் முதலில் வாரண்டி அட்டையைத் தேடுங்கள். கீசருக்கு இரண்டு ஆண்டு என்று போட்டிருந்தாலும், தொட்டிக்கு ஐந்து, ஏழு ஆண்டு என்று தனியாகக் கொடுக்கும் நிறுவனங்கள் பல. இணையத்தில் தேடி முதலில் தெரியும் எண்ணை அழைக்காதீர்கள். போலி சர்வீஸ் ஆட்கள் உட்கார்ந்திருப்பது அங்கேதான். அட்டையிலோ கீசரின் மேல் ஒட்டிய சீட்டிலோ உள்ள எண்ணை மட்டும் அழையுங்கள். வரும் ஆள் தண்ணீரைச் சோதிக்காமலேயே ‘உப்புத் தண்ணீர், வாரண்டி கிடையாது’ என்று எழுதப் பார்ப்பார். நம் கடற்கரை ஊர்களில் இதுவே வாடிக்கை. கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கீசர் விற்கும்போது ஒரு கடைக்காரரும் இதைச் சொல்வதில்லை. சோதனை அளவை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வாய்தா மேல் வாய்தா போட்டு இழுப்பார்கள் என்பது வேறு விஷயம். ஒரு கீசருக்காக முதியவர்கள் பஸ் ஏறி அலைய வேண்டியிருப்பதை எந்த அதிகாரியும் பொருட்படுத்துவதில்லை.

புதியது வாங்கினால் தொட்டிக்குள் மெக்னீசியம் தண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். துரு தொட்டியைத் தின்பதற்கு முன் இந்தத் தண்டைத் தின்னும். உப்பு நீரில் அது விரைவில் கரைவதால் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கீசரை ‘இலவசமாக எடுத்துச் செல்கிறேன்’ என்பார்கள். உள்ளே செம்பும் பித்தளையும் இருக்கின்றன, விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.