வீட்டு வேலைகளுக்கு எந்த மாஸ்கிங் டேப் வாங்கலாம்? சுவரில் பசை தங்காமல் எப்படி எடுப்பது?

கடையில் விலையைப் பார்ப்பதற்கு முன், வண்ணம் படக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் அந்தக் காகித டேப் எத்தனை நாள் ஒட்டியிருக்கப் போகிறது என்று யோசியுங்கள். 1925-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ இதை உருவாக்கியதே, கார்களுக்கு இரண்டு வண்ணம் அடிப்பவர்கள் வேலை முடிந்ததும் சேதமில்லாமல் உரித்து எடுக்கத்தான். நிரந்தரமாக ஒட்ட இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நான் இருப்பது மொரீஷியஸில். தைப்பூசக் காவடிக்கு முன் வீட்டுக்கு வண்ணம் அடிப்போம். அது நல்ல வெயிலும் மழையும் மாறி மாறி வரும் காலம். சாதாரண மஞ்சள் நிற டேப்பின் பசை பெரும்பாலும் ரப்பர் கலந்தது. வெயில் பட்டால் இறுகி, காகிதம் மட்டும் கையோடு வரும், பசை சுவரிலேயே நின்றுவிடும். அன்றே எடுத்துவிடும் வேலைக்கு அது போதும். ஜன்னல் சட்டத்தில் சில நாள் இருக்க வேண்டுமென்றால் பெயின்டர்கள் வாங்கும் நீல டேப்பை வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று அதன் உறையிலேயே போட்டிருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் சுரண்டும் வேலை மிச்சம்.

ஒட்டும் இடத்தில் தூசியும் ஈரமும் இருக்கக் கூடாது. ஒட்டியபின் ஓரத்தைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேயுங்கள். கோடு கத்தி வெட்டியதுபோல் வர ஒரு வழி உண்டு: டேப்பின் ஓரத்தில் முதலில் சுவரின் பழைய வண்ணத்தையே மெல்லப் பூசிக் காயவிடுங்கள். கசிய வேண்டியது அதுவாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதன் மேல் புது வண்ணம் அடித்து, முழுதாகக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக மடக்கி நிதானமாக இழுங்கள். காய்ந்துவிட்டதா? ஓரத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டுவிட்டு எடுங்கள். இல்லையென்றால் வண்ணமும் தோலாகச் சேர்ந்து வரும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். டேப் கண்ணாடிக்கு எந்த வலுவும் தராது. உடைந்தால் துண்டுகள் இன்னும் பெரிதாகப் பறக்கலாம். ஷட்டர் இருந்தால் மூடுங்கள், இல்லையென்றால் பிளைவுட் பலகை அடியுங்கள். ஏற்கெனவே ஒட்டி வெயிலில் இறுகிவிட்டதா? சமையல் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்தபடி பிளேடைச் சாய்த்துச் சுரண்டுங்கள். இது கண்ணாடிக்கு மட்டும். சுவரில் எண்ணெய் தடவினால் கறை படியும்.

சமையலறையில்தான் எங்கள் வீட்டு டேப் அதிகம் செலவாகிறது. ஊறுகாய் பாட்டிலிலும் ஃப்ரீசர் டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுவோம். டப்பா உலர்ந்திருக்கும்போதே, உள்ளே வைப்பதற்கு முன் ஒட்ட வேண்டும். பனி படிந்தபின் பிடிக்காது. டைல்ஸில் துளை போடும் இடத்திலும் ஒரு துண்டு ஒட்டுங்கள், டிரில் முனை வழுக்காது. மின் வயரில் மட்டும் இதைச் சுற்றாதீர்கள். இது காகிதம், தீப்பற்றும்.

வாங்கும்போது சுருளின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். தூசி அப்பியிருந்தாலோ ஓரம் பழுத்திருந்தாலோ அது வெகுநாள் கடையில் கிடந்த சரக்கு, உரிக்கும்போது நாராகக் கிழியும். வீட்டிலும் சுருளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நிழலில் வையுங்கள்.