ஃபின்லாந்து: ஹெல்சின்கிக்கு இரண்டு நாள், மீதி நாட்கள் ஏரிக்கு

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு ஒரு வாரம் ஃபின்லாந்து போகிறோம். ஹெல்சின்கி மட்டும் போதுமா, ஏரிப் பகுதிக்கும் போக வேண்டுமா?

கட்டாயம் போங்கள். ஹெல்சின்கிக்கு இரண்டு நாள் தாராளம். மீதியை அப்படியே சாய்மா ஏரிப் பக்கம் கொடுத்துவிடுங்கள். "ஃபின்லாந்து வரை போய்விட்டு வடகோடி லாப்லாந்து பார்க்காமலா?" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள், காதில் வாங்காதீர்கள். ஜூலையில் அங்கே வானம் இருட்டுவதே இல்லை, வட துருவ ஒளியும் கண்ணில் படாது. ஒரு வாரத்தில் மூன்று ஊர் என்றால் பாதி நேரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும்.

ஹெல்சின்கி சின்ன நகரம், நடந்தும் டிராமிலும் சுற்றிவிடலாம். ரஷ்யப் பேரரசின் கீழ் 1812இல் தலைநகரான ஊர் இது. எங்கல் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த செனட் சதுக்கத்தில் நின்றால் ஏதோ ரஷ்ய நகரத்தில் நிற்பதுபோலவே இருக்கும். அங்குள்ள வெள்ளைத் தேவாலயம் 1852இல் கட்டி முடிக்கப்பட்டது. லூத்தரன் தேவாலயம் என்பதால் உள்ளே அலங்காரம் குறைவு, அதன் அகலமான படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் சுகம். பாறையைக் குடைந்து கட்டிய தெம்பெலியாவுக்கியோ தேவாலயத்துக்கு மட்டும் உள்ளே போய்ப் பாருங்கள்.

சுவோமென்லின்னா தீவுக் கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1748இல் ஸ்வீடன்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. சந்தைச் சதுக்கத்திலிருந்து கால் மணி நேரப் படகுப் பயணம். டிராமுக்கும் பஸ்ஸுக்கும் எடுக்கிற சாதாரண ஏ-பி மண்டல டிக்கெட்டே அரசுப் படகுக்கும் செல்லும், தனியாகச் சுற்றுலாப் படகுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மழை பிடித்துக்கொண்டால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஊடி நூலகம் இருக்கிறது. 2018இல் திறந்தது. இரண்டாவது தளத்தில் யார் வேண்டுமானாலும் தையல் மிஷினில் உட்கார்ந்து துணி தைக்கலாம். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

சாப்பாடு விலை அதிகம்தான். வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை பல உணவகங்களில் 'லோவுனஸ்' என்ற மதிய பஃபே கிடைக்கும். சாலட், ரொட்டி, காபி எல்லாம் பெரும்பாலும் அதே விலைக்குள் அடங்கும். சைவர்களுக்கு, அரிசிக் கஞ்சியை உள்ளே வைத்துச் சுடும் கரேலியப் பணியாரம் கைகொடுக்கும். ஊரெல்லாம் நேபாள உணவகங்கள் இருப்பதால் சோறு பருப்புக்கும் பஞ்சமில்லை. சந்தைச் சதுக்கத்தில் சால்மன் சூப் வாங்கினால் கூரைக்கு அடியில் உட்கார்ந்து குடியுங்கள். அங்குள்ள கடற்பறவைகள் கையில் இருப்பதையே பிடுங்கிக்கொண்டு போகும்.

சரி, இப்போது ஏரிக்கு வருவோம். சாய்மா ஏரிக்கரை ஊரான சவோன்லின்னாவுக்கு ஹெல்சின்கியிலிருந்து ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். யோவென்சு போகும் ரயிலில் ஏறிப் பரிக்கலாவில் இறங்கினால், பஸ் அளவுக்கு ஒரு குட்டி ரயில் காத்திருக்கும். அது புங்காஹர்யுவைக் கடக்கும்போது போனைப் பையில் வைத்துவிடுங்கள். பனியுகத்தில் உருகி ஓடிய நீர் மணலையும் சரளையையும் குவித்து உண்டாக்கிய குறுகிய மேடு அது, ஏழு கிலோமீட்டர் நீளம். மேலே பைன் மரங்கள், இரண்டு பக்கமும் தண்ணீர்.

சவோன்லின்னாவில் ஒலாவின்லின்னா கோட்டை இருக்கிறது. கிழக்கே இருந்த ரஷ்யர்களைத் தடுக்க 1475இல் கட்டத் தொடங்கியது. நீரோட்டம் வேகமாக இருப்பதால் குளிர்காலத்தில்கூட அதைச் சுற்றி நன்றாக உறையாது. ஜூலையில் இந்தக் கோட்டைக்குள்தான் ஓபரா என்ற இசை நாடக விழா நடக்கும். நீங்கள் ஓபரா பார்க்காவிட்டாலும் அந்த மாதம் விடுதி வாடகை எகிறியிருக்கும். படகுத்துறைக் கடைகளில் 'முயிக்கு' கேளுங்கள். விரல் நீள ஏரி மீன், மாவில் புரட்டி வெண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துத் தருவார்கள். தலை, முள் பார்க்காமல் முழுசாகச் சாப்பிடலாம்.

ஆனால் ஊருக்குள் தங்கினால் ஏரியைப் பார்த்ததாகத்தான் ஆகும். கரையோரம் ஒரு 'மொக்கி', அதாவது மரக்குடில், எடுத்து மூன்று நான்கு இரவு அங்கேயே இருங்கள். தினம் ஓர் ஏரி என்று ஓடுவதில் அர்த்தமில்லை, கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். குடிலோடு பெரும்பாலும் சவுனா என்ற நீராவிக் குளியலறையும் துடுப்புப் படகும் சேர்ந்தே வரும். விறகடுப்பில் கல்லைச் சூடேற்றி, அகப்பையால் தண்ணீர் ஊற்றினால் உஸ்ஸென்று ஆவி வந்து காது மடலைச் சுடும். தாங்க முடியாதபோது வெளியே ஓடி ஏரியில் குதிக்க வேண்டியதுதான். முதல் தடவை மூச்சே நின்றுவிடும் போலிருக்கும், அப்புறம் நீங்களாகவே திரும்பத் திரும்பப் போவீர்கள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் குழந்தைகளுக்குத் தூக்கமே வராது, கண் மறைப்பு எடுத்துப் போங்கள்.

பதிவு செய்யுமுன் விவரத்தை வரி விடாமல் படியுங்கள். படுக்கை விரிப்பும் கடைசி நாள் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் தனிக் கட்டணம். குழாய்த் தண்ணீர் இல்லாத, கழிப்பறை வெளியே இருக்கிற குடில்களும் நிறைய உண்டு. வீட்டில் பெரியவர்கள் வந்தால் இதை முதலில் பாருங்கள். கார் இல்லாமல் குடில் வாழ்க்கை நடக்காது. கொசு மருந்தை மறக்கவே கூடாது. ஜூலை பாதிக்கு மேல் காட்டில் அவுரிநெல்லி பழுத்துவிடும். யாருடைய காடாக இருந்தாலும் பறித்துத் தின்னச் சட்டம் அனுமதிக்கிறது, வீட்டு முற்றத்துக்குள் மட்டும் போகாதீர்கள்.

சாய்மா சீல் என்ற கடல்நாயைப் பார்க்க முடியுமா என்று குழந்தைகள் கேட்பார்கள். பனியுகத்துக்குப் பின் நிலம் உயர்ந்து கடலிலிருந்து பிரிந்துபோன ஏரியில் மாட்டிக்கொண்ட இனம் அது, இன்று ஏறக்குறைய ஐந்நூறுதான் மிச்சம். ரோமம் உதிர்க்க அவை பாறைமேல் படுத்திருக்கும் மே மாதம்தான் பார்க்க ஏற்ற காலம். ஜூலையில் லின்னன்சாரி தேசியப் பூங்கா படகில் போனால் அதிர்ஷ்டம் இருந்தால் தலை தெரியும்.

கார் ஓட்ட விருப்பமில்லை என்றால் சவோன்லின்னாவில் தங்கி, குட்டி ரயிலில் புங்காஹர்யு போய் மேட்டின்மேல் நடந்துவிட்டு வாருங்கள். எதுவானாலும் ஜூலைக்கு அறையையும் ரயில் டிக்கெட்டையும் இப்போதே பிடியுங்கள், நாள் நெருங்க நெருங்க இரண்டும் விலை ஏறும்.